குடும்ப ஆல்பத்துக்குக் காகிதம் வெட்டும் இயந்திரம்: செட்டிநாட்டு வீட்டில் கிரிகட் எக்ஸ்ப்ளோர் ஏர் 2

கணினியில் வரைந்த வடிவத்தைக் காகிதத்தில் கத்தியால் வெட்டித் தருவது கிரிகட் இயந்திரம். பழைய புகைப்படத்தை இதற்குள் விடவே கூடாது. வாங்குவதா வேண்டாமா என்ற யோசனைக்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் ஆல்பம் செய்ய உட்காரும்போது பெட்டகத்திலிருந்து வெளியே வருபவை ரங்கூனிலும் மலாயாவிலும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், கப்பல் தபாலில் வந்த கடிதங்கள், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள், அறுபதாம் சாந்திப் படங்கள். இவற்றில் எதற்கும் மறுபிரதி கிடையாது. ஒன்றைக்கூட இயந்திரத்தின் பசைப் பலகையில், அதாவது தாளை ஒட்டி உள்ளே விடும் பிசுபிசுப்பான பலகையில், ஒட்டக் கூடாது. படத்தைச் சுற்றி வரும் சட்டம், தலைப்பு, பெயர், கோலம், மூலைப்பிடி, குடும்ப மரம் ஆகியவற்றை வெட்டித் தருவதுதான் இயந்திரத்தின் வேலை. அதை மனிதக் கையால் முடியாத துல்லியத்தில் செய்கிறது.

எக்ஸ்ப்ளோர் ஏர் 2 வந்த ஆண்டு 2016. 2021இல் எக்ஸ்ப்ளோர் 3 வந்தது. அதன் முக்கியமான சிறப்பு, நிறுவனத்தின் சிறப்புச் சுருள் பொருள்களைப் பலகை இல்லாமலே நீளமாக வெட்டுவது. கடையில் தாள் கணக்கில் வாங்கும் கெட்டிக் காகிதத்துக்கு இரண்டிலும் பலகை வேண்டும். ஆகவே ஆல்பம் மட்டுமே நோக்கம் என்றால் பழைய மாடல் போதும். பொருளைத் தேர்ந்தெடுக்க ஏர் 2இல் முகப்பிலேயே ஒரு திருகு இருக்கிறது. 3இல் அதை மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இயந்திரத்தில் இரண்டு பிடிகள் உள்ளன. ‘ஏ’ பிடியில் பேனாவோ மடிப்புக்கோடு போடும் ஊசியோ, ‘பி’ பிடியில் கத்தி. ஒரே ஓட்டத்தில் எழுதி, வெட்டி முடித்துவிடும். 12 அங்குலச் சதுரப் பலகையில் உண்மையில் வெட்டக்கூடிய பரப்பு 11.5 அங்குலம்தான். 12க்கு 24 பலகையில் 11.5க்கு 23.5. ஆல்பப் பக்கம் பெரும்பாலும் 12 அங்குலச் சதுரம் என்பதால் இந்த அரை அங்குலம் பலரைத் தடுமாற வைக்கிறது. பக்கத்தின் வெளி ஓரத்தை வெட்டவே வேண்டாம். 12 அங்குலத் தாளை அப்படியே ஒட்டி, உள்ளே விழ வேண்டிய துளைகளை மட்டும் வெட்டினால் முழு அளவுச் சட்டம் கிடைத்துவிடும்.

ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரை ஓடு) வடிவத்தில் ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 10.5 அங்குலச் சதுரத்தை 1.5 அங்குலக் கட்டங்களாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 7 கட்டம், ஓரத்தைச் சுற்றி மொத்தம் 24 கட்டம். நடுவில் 7.5 அங்குலச் சதுரம் காலியாக நிற்கும். 5க்கு 7 படம் வசதியாக உட்காரும். ஒரு கட்டத்துக்கான பூவை மட்டும் வரைந்து 24 முறை நகலெடுத்தால் போதும். பூவின் இதழ்களுக்கு நடுவே மிஞ்சும் காகிதப் பட்டை 200 முதல் 250 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 3 இருந்தால் நிம்மதி. இதழ் முனையைக் கூர்மையாக விடாமல் சற்று உருட்டிவிடுங்கள். காரணம் கத்தியின் அமைப்பு. அது மோட்டாரால் திரும்பும் கத்தி அல்ல. காகிதத்தில் இழுபட்டு, இழுபடும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும் கத்தி. கூர்முனையில் அது சட்டென்று திரும்பும்போது காகித நாரையும் சேர்த்து முறுக்கும். கிழிசல் எப்போதும் மூலையிலேயே தொடங்குவது இதனால்தான்.

வெட்டும் அமைப்புக்குத் திருகை ‘கஸ்டம்’ என்ற இடத்தில் வைத்து, மென்பொருள் பட்டியலில் நுணுக்க வெட்டுக்கான கார்டுஸ்டாக் (கெட்டிக் காகித) அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வேக முறையை அணைத்துவிடுங்கள். பட்டைப் பட்டையான எழுத்துக்கு அது சரி, பூ வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு புதுத் தாள் வகைக்கும் முதலில் ஒரு மூலையில் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமும் அதனுள் ஒரு வட்டமும் வெட்டிப் பாருங்கள். வட்டம் தானாக விழுந்தால் அமைப்பு சரி. ஒட்டிக்கொண்டு நின்றால் அழுத்தத்தை ஒரு படி கூட்டுங்கள். பலகையிலேயே ஆழமாகக் கோடு விழுந்தால் குறையுங்கள்.

வெட்டி முடிந்ததும் தாளைப் பலகையிலிருந்து உரிப்பதுதான் பொதுவான தவறு. தாள் சுருண்டுவிடும், அப்புறம் எத்தனை கனமான புத்தகத்தின் கீழ் வைத்தாலும் முழுதாக நிமிராது. பலகையைக் கவிழ்த்து மேசையில் வைத்து, தாள் மேசையோடு சமமாகக் கிடக்க, பலகையைத்தான் வளைத்து உரிக்க வேண்டும்.

காகிதம் பற்றி. பள்ளிக்கூடச் சார்ட் வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகி, பக்கத்தில் இருக்கும் படத்தையும் கெடுக்கும். அமிலமும், தாளை மஞ்சளாக்கும் லிக்னினும் இல்லாத தாள் என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பழமைத் தோற்றம் வருவதற்காகத் தேயிலைச் சாயத்தில் தாளை நனைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. தேநீர் அமிலத்தன்மை உள்ளது, அந்தத் தாள் படத்தைத் தொடக் கூடாது. புதுச்சேரிப் பக்கத்துக் கையால் செய்த காகிதம் பார்க்க அத்தனை அழகு, ஆனால் நார் நீளமாக இருப்பதால் கத்தி ஓரத்தில் பஞ்சு பஞ்சாக நிற்கும். அதைப் பின்னணித் தாளாக வைத்துக்கொண்டு, வெட்டு வேலையை வழவழப்பான தாளில் செய்வதே நல்லது. பழைய கல்யாணப் பத்திரிகையின் தங்கத் தாள் பூச்சு வெட்டும்போது வெடித்து உதிரும். பத்திரிகையை ஸ்கேன் செய்து அச்செடுத்து, அந்த அச்சை வெட்டுங்கள்.

அடுக்கடுக்காக ஒட்டுவதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 250 ஜிஎஸ்எம் தாள் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். செம்மண் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று அடுக்கு வைத்தால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன் ஏறும். 40 பக்க ஆல்பம் வாய் பிளந்து நிற்கும். இரண்டு அடுக்கோடு நிறுத்துங்கள். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய சட்டம் நெளிந்துவிடும். அமிலமற்ற இருபக்க டேப்பே பாதுகாப்பு.

இனி தமிழ் எழுத்து. இந்த இயந்திரத்தோடு வரும் டிசைன் ஸ்பேஸ் மென்பொருள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதற்குள் நேரடியாகத் தமிழில் தட்டச்சு செய்வதை நம்பி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கட்டணமில்லாத இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதுங்கள். அங்கே கொம்பும் காலும் தம் இடத்தில் நிற்கும். எழுத்துரு தடிப்பாக, முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். கூகுள் தொகுப்பில் கிடைக்கும் பாலூ தம்பி தலைப்புக்கு மிகப் பொருத்தம். கேட்டமரனின் தடித்த வகையும் நன்றாக வெட்டுப்படும். மெல்லிய கையெழுத்துப் பாணிகளைத் தவிர்த்துவிடுங்கள். எழுதி முடித்ததும் எழுத்தை வடிவக் கோடாக்கும் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, பிறகு வடிவங்களை ஒன்றாக்கும் ‘யூனியன்’ கொடுங்கள். இரண்டாவதை மறந்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடங்களில் கத்தி எழுத்தின் குறுக்கே ஓடிவிடும். கோப்பை எஸ்விஜியாக (கோடுகளாகச் சேமிக்கும் கோப்பு வகை) சேமித்து ஏற்றிய பிறகு அகலத்தைச் சரிபாருங்கள். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகையில் அளவு மாறிவிடுவது உண்டு.

தமிழில் ஒரு சொல் எத்தனை துண்டாக விழும் என்பதை முன்பே எண்ணிவிட வேண்டும். ‘சிவமயம்’ என்பது ஐந்து எழுத்து, ஆனால் கடைசிப் புள்ளி தனியாக விழுவதால் ஆறு துண்டு. ‘வள்ளியம்மை’ ஒன்பது துண்டு: வ, ள, புள்ளி, ளி, ய, ம, புள்ளி, ஐகாரக் கொம்பு, ம. விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், சேர்த்து ‘ராம. மெ.’ என்று முன்னால் போட்டால் கால், கொம்பு, இரண்டு முற்றுப்புள்ளி என்று துண்டுகள் இன்னும் கூடும். நகரத்தார் வீட்டில் விலாசம் இல்லாத பெயர் பாதிப் பெயர்தான். அய்யாவின் பெயரே பேரனுக்கும் வருவதால் குடும்ப மரத்தில் ஒரே பெயர் நாலு இடத்தில் நிற்கும். விலாசமும் ஊரும் கோவிலும் இல்லாமல் யார் எவர் என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. ஆகவே புள்ளிக்குப் பயந்து விலாசத்தை விட்டுவிடக் கூடாது. புள்ளியை 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெரிதாக்குங்கள். அதைவிடச் சிறியது பலகையிலேயே ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது நசுங்கும்.

இதற்கு நிரந்தரமான வழி நிழல் தாள். டிசைன் ஸ்பேஸில் உள்ள ‘ஆஃப்செட்’ கருவியால் சொல்லைச் சுற்றி 3 மில்லிமீட்டர் விரிவாக்கினால் எழுத்தும் புள்ளியும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே துண்டாகிவிடும். அதை அடர் நிறத்தில் வெட்டி அடியில் வைத்து, எழுத்துகளை அதன்மேல் ஒட்டினால் இடைவெளி பிசகாது. நிழல் தாள் வேண்டாம் என்பவர்கள், வெட்டிய எழுத்துகள் பலகையில் இருக்கும்போதே மேலே பிடிப்புக் குறைந்த பெயின்டர் டேப்பை ஒட்டி, மொத்தமாகத் தூக்கி, பின்புறம் பசை வைத்துப் பக்கத்தில் இறக்கலாம்.

எழுத்தை வெட்டி எடுக்காமல், தாளில் எழுத்து வடிவத் துளை விழ வேண்டும் என்றால் கணக்கு மாறும். ப, ட போன்றவை திறந்த எழுத்துகள், சிக்கல் இல்லை. க, ச, வ, ம, ண போன்றவற்றின் உள்ளே மூடிய கண் இருக்கிறது, அது கீழே விழுந்துவிடும். கண்ணை வெளித்தாளோடு இணைக்கும் 2 மில்லிமீட்டர் பாலம் ஒன்று வரைய வேண்டும், அல்லது விழுந்த கண்களைப் பத்திரப்படுத்திப் பிறகு ஒட்ட வேண்டும்.

கோலத்துக்கும் இதே யோசனைதான். நடுவீட்டுக் கோலத்தின் இணைகோடுகளைக் காகிதத்தில் வெட்ட நினைத்தால் இழைகள் அறுந்து போகும். அதைப் பேனாவால் வரையவிடுங்கள். வெள்ளைப் பேனா, கருஞ்சிவப்புத் தாள், அவ்வளவுதான். ஆனால் படத்தை ஏற்றி மென்பொருளையே கோடெடுக்கச் சொன்னால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு விளிம்பு எடுத்து, கோலம் இரட்டைக் கோடாகும். இங்க்ஸ்கேப் 1.0 முதல் ‘டிரேஸ் பிட்மேப்’ பகுதியில் நடுக்கோடு எடுக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இதே வசதியால் செய்யக்கூடிய இன்னொன்று, இந்த இயந்திரத்தை வாங்க ஒரே காரணம் போதும் என்று கேட்டால் சொல்லக்கூடியது: ஆச்சியின் கையெழுத்து. கடிதத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) சாம்பல் நிறமாக ஸ்கேன் செய்து, பின்னணி முழு வெள்ளையாகும் வரை மாறுபாட்டைக் கூட்டி, நடுக்கோடு எடுத்து, ஊறிய மையால் வந்த சிறு கிளைக் கோடுகளைக் கையால் அழித்து, பேனா வேலையாக ஏற்றினால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்ற வரியை அவர் எழுதிய அதே சாய்வில், அதே சுழிப்பில் பேனா எழுதும். அவர் எங்கே அழுத்தினார், எங்கே மை காய்ந்தது என்பது வராது, கோட்டின் தடிமன் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனாலும் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஐந்து ஆல்பம் செய்யும்போது ஐந்திலும் அந்த எழுத்து இருக்கும், மூலக் கடிதம் மடிப்புக் கலையாமல் உறைக்குள் இருக்கும். பேனா நிறமி மை கொண்டதாக, நீரில் கரையாததாக இருக்கட்டும்.

படத்தைப் பக்கத்தில் நிறுத்தப் பசை தேவையில்லை. 4க்கு 6 படத்தின் நாலு மூலையிலும் சாய்வாக ஒரு கீறல் வெட்டினால் மூலைகள் அதனுள் செருகிக்கொள்ளும். மூலையிலிருந்து இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் தள்ளிக் கீறல் வந்தால் அதன் நீளம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். செருகும்போது இறுகாமல் இருக்க 19 வையுங்கள். கீறலின் இரு முனையிலும் ஒன்றரை மில்லிமீட்டர் வட்டம் போட்டால் கிழிசல் அங்கே நின்றுவிடும். நாலு கீறலையும் தேர்ந்தெடுத்து ‘அட்டாச்’ கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் மென்பொருள் காகிதத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து நாலையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிடும். படத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பின்புறக் குறிப்பைப் படிக்கலாம் என்பது இதன் பெரிய லாபம். நம் வீட்டுப் படங்களின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருப்பது வழக்கம், அதை ஒட்டி மறைத்தால் வரலாறு போயிற்று.

பசை தடவிய பக்கம் உள்ள பழைய பிளாஸ்டிக் ஆல்பங்களிலிருந்து படங்களை உரிக்க, பல் இடுக்கில் விடும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே மெல்ல அறுத்துக்கொண்டு போங்கள். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைத் தொடாதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ வேண்டும்.

அச்சிட்டு வெட்டும் வசதி இருக்கிறது. இயந்திரம் காகிதத்தில் அச்சான கறுப்புக் குறிகளைப் படித்து இடம் தெரிந்துகொள்ளும். குறி பிசகினால் மூன்று காரணங்களைப் பாருங்கள். பிரின்டரில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ இருந்தால் அளவு சுருங்கியிருக்கும், நூறு சதவீதமாக மாற்றுங்கள். பளபளப்புத் தாள் ஒளியைத் திருப்பி அடிக்கும், குறிகளின் மேல் மங்கலான டேப்பை ஒட்டுங்கள். மூன்றாவது நம் வீட்டுக்கே உரியது: வளவு வாசலிலிருந்து, அதாவது வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றத்திலிருந்து, இறங்கும் வெயில். நேர் வெளிச்சத்தில் சென்சார் குறியைத் தவறவிடும். பட்டாலையின் உட்பக்கத்திலோ இரண்டாம் கட்டு அறையிலோ வையுங்கள், பின்புறச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, இல்லாவிட்டால் பலகை சுவரில் முட்டிக் கோணலாகத் திரும்பும். நேர்க்கோட்டில் வெட்ட வேண்டிய சாதாரணப் படங்களுக்கு இந்த வசதி வேண்டாம். ஸ்டூடியோவில் அச்செடுத்து, கை டிரிம்மரில் வெட்டுவதே வேகம்.

ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் குடித்து மெதுவாகிவிடும், கத்தி வெட்டாமல் இழுக்கும். தாள்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய உறையில் வையுங்கள். கோடையில் எதிரி புழுதி. பலகையின் பசையில் செம்மண் படிந்தால் தாள் நடுவழியில் நகரும். வேலை முடிந்ததும் மேல் உறையை மூடிவிடுங்கள். அழுக்கானால் ஆல்கஹால் இல்லாத ஈரத் துடைப்பானால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். 25 முதல் 40 முழு வெட்டு வரை ஒரு பலகை உழைக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு, நம் ஊர்ப் புழுதிக்குக் குறைந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாளுக்கு நீலப் பலகை, கார்டுஸ்டாக்குக்குப் பச்சை. கத்தி முனையில் நார் சேர்ந்தால் மேல் பொத்தானை அழுத்தி முனையை வெளியே கொண்டுவந்து, அலுமினியத் தாள் உருண்டையில் பலமுறை குத்தி எடுங்கள். வெட்டும் நடுவில் கரண்ட் போனால் அந்தத் தாள் போனதுதான், விட்ட இடத்திலிருந்து தொடராது. யுபிஎஸ் இல்லாமல் நுணுக்க வேலையைத் தொடங்காதீர்கள்.

மென்பொருள்தான் இந்த இயந்திரத்தின் பலவீனம். கணக்கு திறக்க வேண்டும், புதுக் கோப்பு ஏற்ற இணையம் வேண்டும். 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 கோப்புதான் ஏற்றலாம் என்று நிறுவனம் அறிவித்து, பயனர்களின் எதிர்ப்பால் பின்வாங்கியது. இயந்திரம் நம் மேசையில் இருந்தாலும் சாவி அவர்களிடம் என்பதை அறிந்தே வாங்க வேண்டும். மாதச் சந்தா தேவையில்லை. அதில் கிடைக்கும் படங்களும் எழுத்துருக்களும் தமிழ் ஆல்பத்துக்கு உதவுவது சொற்பம்.

இணையம் சரியில்லாத ஊரில் சில்ஹவுட் கேமியோவைப் பாருங்கள், அதன் மென்பொருள் இணையமின்றி ஓடும். ஆனால் எஸ்விஜி கோப்பைத் திறக்கக் கட்டணப் பதிப்பு வேண்டும். கணினியே வேண்டாம் என்பவர்களுக்குப் பிரதர் ஸ்கேன்கட், தாளில் கையால் வரைந்த கோலத்தை உள்ளேயே ஸ்கேன் செய்து வெட்டிவிடும். ஸ்டிக்கர் கடையின் பெரிய வெட்டும் கருவியில் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அது சுருள் வினைலுக்கானது. பசைப் பலகை இல்லாததால் தனித்தாளின் சின்னத் துண்டுகளைப் பிடித்து வைக்காது.

அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலைத் துண்டைப் பக்கத்தில் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. இந்த மாடலில் துணியை அப்படியே வெட்ட முடியாது, பின்னால் தையல்காரர்கள் பயன்படுத்தும் ஃப்யூசிங் துணியை இஸ்திரி போட்டு ஒட்டியாக வேண்டும். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. கட்டம் நேராக ஓடும் சேலைக்குக் கத்தரிக்கோலே போதும், ஓர் இழையை உருவிவிட்டு அந்தத் தடத்தில் வெட்டினால் இயந்திரத்தைவிட நேராக வரும்.

வாங்கும்போது பெட்டியில் ஒரு கத்தியும் ஒரு பலகையும் இருக்கும். தை, வைகாசிக் கல்யாணத்துக்கு ஆல்பம் முடிய வேண்டும் என்றால் கூடுதலாக இரண்டு பச்சைப் பலகையும் ஒரு கத்தியும் அப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். காரைக்குடிக்குக் கூரியர் வந்து சேரும் நாளையும் கணக்கில் வையுங்கள்.